ஒரு யந்திர சாஸ்திரியின் தேசபக்தி

தம் நாட்டுச் சரக்கு மட்டமானதென்று உலகறியக் கூறுபவன் தேசபக்தனாவானா? 1876-ஆம் வருஷத்தில் ஜெர்மனி முழுவதும் இவ்வினா எழுந்தது. அதற்குக் காரணராயிருந்தவர் பேராசிரியர் பிரான்ஸ் ரோலோ.

ஆஹன் நகரத்தை அடுத்த எஷ்வைலர் என்னும் ஊரில், யந்திரத் தொழில் செய்து வந்த குடும்பத்தில் அவர் 1829-இல் பிறந்தார். கார்ல்ஸ்ரூ கலாசாலையில் ரெடன்பாகர் என்னும் பேராசானிடம் பயின்று, 1856-இல் ஸூரிக்கிலும் 1864 முதல் பெர்லினிலும் ஆசிரியராக அமர்ந்தார். யந்திரங்கள் எண்ணிறந்தனவாயினும் அவற்றின் அசைவுகள் யாவும் சிலவகை உறுப்பிணைப்புகளுள் அடங்குமென்பதை 1875-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மாணாக்கர் கண்ணாற் கண்டு தெளியும்படி நூற்றுக்கணக்கான மாதிரிகளையும் அமைத்தார்.

எதனையும் அளந்து பார்த்தே மதிப்பது அவர் இயல்பு. 1867-இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஓட்டோ, லாங்கன் என்போரின் வாயு யந்திரம் பேரிரைச்சலிட்டது. அது உண்ணும் வாயுவை அளந்து பார்க்க வேண்டுமென்று நடுவருள் ஒருவராகிய ரோலோ வற்புறுத்தினார். மற்றவற்றினும் மிகக் குறைந்த வாயுவே செலவாயிற்று. தங்கப் பதக்கமும் அதற்கே கிடைத்தது.

அதே அளவுகோலைத் தம் நாட்டின்மீதும் வைக்க அவர் தயங்கவில்லை. 1876-இல் பிலடெல்பியா பொருட்காட்சிக்கு ஜெர்மன் சர்க்காரின் பிரதிநிதியாகச் சென்றவர், ஜெர்மன் சரக்குகள் விலையில் மலிவு, தரத்திலும் தாழ்வு என்று பெர்லின் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார். நாடெங்கும் கொதிப்பு உண்டாயிற்று. தேசத்தை இழிவுபடுத்திவிட்டார் என்று பலர் தூற்றினர். ஆனால் அவர் குறை கூறியதோடு நிற்கவில்லை; விலையைக் குறைத்துப் போட்டியிடுவதை விடுத்து, தரத்தை உயர்த்திப் போட்டியிடுமாறு வழியும் காட்டினார். புதிய கருவிகளைக் காண்போருக்குக் காப்பளிக்க வேண்டுமென்று அவரும் பிறரும் வாதாடி வந்த பேடண்டுச் சட்டம் 1877-இல் பிறந்தது.

1887-இல் பிரிட்டிஷ் சட்டம் அந்நியச் சரக்குகளுக்குப் பிறப்பிடம் குறிக்கும் முத்திரையை விதித்தது. தாழ்ந்த சரக்கை விலக்க எண்ணி விதித்த அந்த ஜெர்மன் முத்திரையே நாளடைவில் உயர்வுக்குச் சான்றாயிற்று. இம்மாறுதல் ஒருவரால் விளைந்ததன்று. எனினும் முதலில் கண்ணாடியைக் காட்டியவர்களுள் ரோலோவுக்குச் சிறந்த இடமுண்டு.

அவர் 1881-இல் இந்தியாவிலும் யாத்திரை செய்து, அதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முதுமையில், தத்துவத்தைவிடப் பரிசோதனைச் சாலைகளே முக்கியம் என்ற புதுக்கட்சியார் அவரை எதிர்த்தனர். 1896-இல் பதவியினின்று விலகி, 1905-இல் காலமானார். பெர்லினிலிருந்த அவருடைய மாதிரிகளுள் பெரும்பாலானவை இரண்டாம் மகாயுத்தத்தில் அழிந்தன. அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலை 1882-இல் வாங்கியவை எஞ்சியிருக்கின்றன.

புகழுரை கேட்டு மகிழும் தேசம் உறங்கிவிடும். குறை கேட்டுத் திருந்திய தேசமே தொழிலில் தலையெடுக்கும். ரோலோவின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் இதுவே.