மேக்ஸ்வெல் வீட்டில் ரெண்டு பேர்

ஈஎம்எஃப் பேப்பர் எழுதின யாருக்கும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நாலு சமன்பாடு, கொஞ்சம் கர்ல், கொஞ்சம் டைவர்ஜன்ஸ். 13 மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி, ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்திருப்போம். புத்தகத்தில் பெரிய தாடியோடு ஒரு படம் இருக்கும். அவ்வளவுதான் நமக்கும் அவருக்கும் உள்ள பழக்கம்.

அந்தத் தாடிக்காரர் வீட்டில் எப்படி இருந்தார், யாரோடு இருந்தார்? இந்தக் கேள்வியோடு அவர் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தால், ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொருவர் வந்து நிற்கிறார். அவர் மனைவி கேத்தரின். இந்தக் கட்டுரை அவர்கள் ரெண்டு பேரையும் பற்றியது.

மேக்ஸ்வெல் பிறந்தது 1831-இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில். வளர்ந்தது கிளென்லேர் என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில். எட்டு வயதில் அம்மா வயிற்றுப் புற்றுநோயால் இறந்துபோனார். ஒரே பையன், அப்பாதான் எல்லாம். பள்ளியில் சேர்ந்த புதிதில் அவர் உடையையும் கிராமத்துப் பேச்சையும் பார்த்துப் பசங்க கிறுக்கன் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தக் கிறுக்கன் 25 வயதில் அபர்டீனில் இருந்த மாரிஷல் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அதே 1856-இல் அப்பாவும் போய்விட்டார்.

அந்தக் கல்லூரி முதல்வர் பெயர் டேனியல் டூவர். அவர் மகள்தான் கேத்தரின். மேக்ஸ்வெல்லைவிட ஏழு வயது மூத்தவர். 1858 ஜூன் மாதம் கல்யாணம் நடந்தபோது கேத்தரினுக்கு 34, அவருக்கு இன்னும் 27 முடியவில்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவருக்கு ஃபெலோ பதவி ஒன்று இருந்தது. கல்யாணம் செய்தால் அதை விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. விட்டுவிட்டார்.

சரி, மாமனாரே பிரின்சிபால், இனி வேலைக்கு என்ன குறை என்று நினைப்போம். 1860-இல் அபர்டீனின் ரெண்டு கல்லூரிகளையும் ஒன்றாக இணைத்தார்கள். இயற்பியலுக்கு ரெண்டு பேராசிரியர்கள், இடம் ஒன்றுதான். சீனியருக்கு இடம் போனது, மேக்ஸ்வெல்லுக்கு வேலை போனது. எடின்பரோவில் விண்ணப்பித்தார், அதுவும் அவருடைய பள்ளித் தோழர் டெய்ட்டுக்குப் போனது. கடைசியில் லண்டன் கிங்ஸ் கல்லூரி கூப்பிட்டது.

லண்டன் போவதற்கு முன் அந்தக் கோடையில் ஒரு சந்தைக்குப் போய் கேத்தரினுக்காக ஒரு மட்டக் குதிரை வாங்கி வந்தார். பெயர் சார்லி. பெண்கள் அப்போது ஒரு பக்கமாகக் கால் போட்டு, நீண்ட பாவாடையோடு குதிரை ஏறுவார்கள். சார்லிக்கு அது பழக வேண்டுமே? மேக்ஸ்வெல்லே இடுப்பில் ஒரு கம்பளத் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்து ஓட்டிப் பழக்கினார். நம்ம புத்தகத்துப் படத்தோடு இந்தக் காட்சியைச் சேர்த்து யோசித்துப் பாருங்க!

ஆனால் அந்தச் சந்தையில் குதிரையோடு பெரியம்மையும் ஒட்டிக்கொண்டது. உயிர் போகிற நிலைமை. தொற்றுநோய் என்று தெரிந்தும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர் கேத்தரின். தான் பிழைத்தது அவரால்தான் என்று மேக்ஸ்வெல் கடைசிவரை நம்பினார். அன்று அவர் போயிருந்தால் நம்ம சிலபஸில் அந்த யூனிட்டே வேறு மாதிரி இருந்திருக்கும்.

லண்டனில் கென்சிங்டன் பகுதியில் வீடு. அங்கேதான் இந்தத் தம்பதியின் நிஜமான குடித்தனம் தொடங்குகிறது. குழந்தைகள் இல்லை, கடைசிவரை பிறக்கவும் இல்லை. அதற்குக் காரணம் தேடுவது நம்ம வேலை இல்லை. நம்ம ஊரில் கல்யாணமான ஆறாவது மாதம் விசேஷம் உண்டா என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் இருந்திருப்பார்கள். அந்த வீட்டில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் சுவாரசியம்.

மாடி ஜன்னல் ஓரத்தில் எட்டு அடி நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. சூரிய வெளிச்சத்தைப் பட்டகத்தால் பிரித்து, மூன்று நிறங்களை வேண்டிய அளவில் கலந்து, அது வெள்ளை ஒளியோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கருவி அது. மேக்ஸ்வெல் மணிக்கணக்கில் அதற்குள் எட்டிப் பார்ப்பார். எதிர் வீட்டுக்காரர்கள், பாவம், மனுஷன் சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினார்கள்.

ஒரே ஆள் பார்த்தால் அது அவர் கண்ணின் கணக்கு. அறிவியலுக்கு இன்னொரு கண் வேண்டும். அந்தக் கண் கேத்தரினுடையது. 1860-இல் வந்த நிறக் கலவை ஆய்வுக் கட்டுரையில் பார்வையாளர்கள் ரெண்டு பேர்: ஜே, கே. ஜே என்றால் ஜேம்ஸ். கே யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரின் அளவுகளும் சரியாகப் பொருந்தவில்லை. அந்த வித்தியாசம்தான் கண்டுபிடிப்பே. விழித்திரையின் நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளி கொஞ்சம் நீல ஒளியை விழுங்கிவிடும். மேக்ஸ்வெல்லுக்கு அந்தப் புள்ளி நன்றாகவே தெரிந்தது. அவர் சோதித்தவர்களில் அது தென்படாத ஒரு சிலரில் கேத்தரினும் அவர் அப்பாவும் அடக்கம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றைக் கலந்து எல்லா நிறமும் காட்டும் உங்கள் போன் திரைக்குப் பின்னால் இருக்கிற கணக்கில் இந்த ரெண்டு ஜோடிக் கண்களும் உண்டு.

அடுத்தது இன்னும் கஷ்டமான சோதனை. வாயுவின் விஸ்காசிட்டி, தமிழில் பாகுநிலை, அழுத்தத்தைப் பொறுத்து மாறாது என்று மேக்ஸ்வெல்லின் கணக்கு சொன்னது. கேட்டால் நம்ப முடியாது. காற்றை நெருக்கி அடர்த்தியாக்கினாலும் உராய்வு அதேதானா? அவருக்கே சந்தேகம். தப்பு என்று வந்தால் வாயு மூலக்கூறுகள் பற்றிய அவர் கோட்பாடே காலி. வீட்டின் நீளம் முழுக்க ஓடும் மச்சு அறையில் கருவியை அமைத்தார். மூடிய கலத்துக்குள் கம்பியில் தொங்கும் கண்ணாடித் தட்டுகள் முன்னும் பின்னும் திரும்பும். அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தால் பாகுநிலை கிடைக்கும்.

பிரச்சினை வெப்பநிலை. அன்று தெர்மோஸ்டாட் ஏது? கடும் கோடையில், மச்சு அறையில், நாள்கணக்கில் நெருப்பு எரிந்தது. அதன் மேல் கெட்டில்கள் கொதித்து ஆவியைக் கக்கின. மணிக்கணக்கில் கரி தள்ளி அறையின் சூட்டை ஒரே அளவில் வைத்தவர் கேத்தரின். அடுத்த சுற்றுக்கு ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து அதே அறையைக் குளிர வைத்தார்கள். முடிவு? கணக்கு சரி. 1866-இல் ராயல் சொசைட்டியில் அந்த ஆய்வைப் படித்தவர் மேக்ஸ்வெல். பிறகு டெய்ட்டுக்கு எழுதியபோது, வாயுக் கோட்பாட்டின் நிஜமான வேலையெல்லாம் செய்தது தன் மனைவிதான் என்று சொன்னார். அது பாதி கிண்டல்தான், ஆனால் முழுப் பொய் இல்லை.

1865-இல் வேலையை விட்டுவிட்டு ரெண்டு பேரும் கிளென்லேருக்குத் திரும்பினார்கள். பகலில் எழுத்து, மதியத்துக்கு மேல் ரெண்டு பேரும் குதிரைச் சவாரி, ராத்திரி அவர் ஷேக்ஸ்பியரையோ மில்டனையோ சத்தமாக வாசிக்க, இவர் கேட்பார். வீட்டில் எப்போதும் ஒரு நாய் இருக்கும். ஒன்று போய் அடுத்தது வந்தாலும் பெயர் மாறாது, டோபிதான். ஊருக்குப் போய்ப் பிரிந்திருந்தால் தினம் ஒரு கடிதம், சில நாள் ரெண்டு.

கேத்தரினைப் பற்றி எல்லோரும் நல்லவிதமாகப் பேசவில்லை. சிடுசிடுப்பானவர், விருந்தில் கணவர் சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தாலே வீட்டுக்குக் கிளம்பலாம் என்பார் என்று ஒரு கதை உலவியது. உண்மையோ பொய்யோ, மேக்ஸ்வெல் பக்கத்தில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1871-இல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தை உருவாக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கேத்தரினின் உடல்நிலை அடிக்கடி மோசமானது. ஒருமுறை மூன்று வாரம் அவர் கட்டிலில் படுக்கவே இல்லை. ராத்திரி மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், பகலில் வகுப்பும் ஆய்வகமும் வழக்கம்போல நடக்கும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. வீட்டு மச்சில் மனைவியோடு சோதனை செய்த இதே மனிதர், கேவண்டிஷ் ஆய்வகத்துக்குள் பெண்களை அனுமதிக்க விரும்பவில்லை. கடைசியில் சம்மதித்ததும் கோடை விடுமுறைக்கு மட்டும்தான், அதுவும் தான் ஸ்காட்லாந்தில் இருக்கும் நாட்களில். வீட்டில் கண்ணால் பார்த்ததை வெளியில் விதியாக்க அவருக்கு மனம் வரவில்லை. கேத்தரினும் கட்டுரையில் ஓர் எழுத்தாகவே நின்றுபோனார்.

1879-இல் அம்மாவுக்கு வந்த அதே நோய் மகனுக்கும் வந்தது. ஒரு மாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன்னைப் பற்றி அவர் புலம்பவில்லை, தனக்குப் பின் கேத்தரினை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே கவலை. நவம்பர் 5-ஆம் தேதி இறந்தபோது வயது 48.

கேத்தரின் இன்னும் ஏழு வருஷம் இருந்தார். 1886 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டினார். கணவர் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டதைப் பார்க்க அவர் இல்லை.

ஆனால் போவதற்கு முன் ஓர் உயில் எழுதியிருந்தார். தன் சொத்தில் மிஞ்சியதைக் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குக் கொடுத்தார், சோதனை இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு மேக்ஸ்வெல் பெயரில் உதவித்தொகை தர. அதைப் பெற்றவர்களில் ஒருவர் சி.டி.ஆர். வில்சன். ஸ்காட்லாந்து ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவரின் மகன், நாலு வயதில் அப்பாவை இழந்தவர். பின்னாளில் மேக அறையை உருவாக்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் பாதையை உலகுக்குக் காட்டி, 1927-இல் நோபல் பரிசு வாங்கினார்.

பார்ட்டன் என்ற சின்ன ஊரின் தேவாலயத் தோட்டத்தில் மேக்ஸ்வெல், அவர் அப்பா, அம்மா, கேத்தரின் நாலு பேரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். அதோடு அந்த வம்சம் முடிந்தது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். மச்சு அறையில் கரி தள்ளியவரின் காசில் யார் வீட்டுப் பிள்ளைகளோ படித்து வந்தார்கள்.

அடுத்த தடவை அந்த நாலு சமன்பாட்டை எழுதும்போது, ஓரத்தில் சின்னதாக ஒரு கே போட்டு வையுங்க. மார்க் கிடைக்காது, பரவாயில்லை.