திரைக்குப் பின்னிருந்து வந்த ஒளி

வங்காளத்தின் ரங்பூர் மாவட்டத்தில் பைராபந்த் என்னும் ஊரில் நிலக்கிழார் குடும்பத்தில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் ரொக்கேயா. ஐந்து வயது முதலே, அறிமுகமில்லாத பெண்கள் வீட்டிற்கு வந்தாலும் அவர் மறைந்துகொள்ள வேண்டியிருந்தது. இரவில் வீட்டார் உறங்கியபின் தமையன் இப்ராகிம் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார்.

பகல்பூரில் அரசு அலுவலராக இருந்த கணவர் சகாவத் உசேன், ரொக்கேயாவின் எழுத்தார்வத்தை வளர்த்தார். பெண்கள் ஆளும் நாட்டைக் காட்டும் அவருடைய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னை இதழொன்றில் வெளிவந்தது.

கணவர் மறைந்தபின், 1911இல் கொல்கத்தாவில் எட்டு மாணவியருடன் பள்ளி தொடங்கினார். வீடுவீடாகச் சென்று பெண்குழந்தைகளை அனுப்புமாறு வேண்டினார். தாம் வளர்ந்த இருள் எத்தனை வீடுகளில் சூழ்ந்துள்ளது என்பதை நேரில் உணர்ந்தார். திரையிட்டு மூடிய பள்ளி வண்டியில் காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர். மூடலைத் தளர்த்தியபோதோ கண்டனக் கடிதங்கள் குவிந்தன. இத்தகைய 47 நிகழ்வுகளை ‘அவரோத்பாசினி’ என்னும் நூலில் பதிவு செய்தார். கல்வி பெறுதல் இசுலாம் பெண்களுக்கு வழங்கிய உரிமை என்றே அவர் வாதிட்டார்.

1932 டிசம்பர் 9 அன்று ரொக்கேயா மறைந்தார். கணவரின் பெயரால் அவர் நிறுவிய பள்ளி இன்றும் கொல்கத்தாவில் பெண்களுக்குக் கல்வி வழங்கி வருகிறது.