உருளை இழுத்த கை

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மாலை வேளையில் பார்க்கிறோம். துறைமுகத் தொழிலாளியின் மகன், ஆலைத் தொழிலாளியின் மகள், மீனவர் வீட்டுப் பிள்ளை, பந்தோடும் குத்துச்சண்டைக் கையுறையோடும் புறப்படுகிறார்கள். உழைத்தால் உயரலாம் என்று அவர்களுக்கு உபதேசிக்கிறோம். நல்லதுதான். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை சொல்கிறது.

1876-ல் தார்வாரில் பிறந்தவர் பாலு. தோல் தொழிலைக் காட்டித் தீண்டத்தகாததென்று ஒதுக்கப்பட்ட சாதி. தந்தைக்குப் பூனாவில் இராணுவத்தில் வேலை. அதிகாரிகள் கழித்துப்போட்ட மட்டையும் பந்துமே அவருக்கும் தம்பியருக்கும் முதல் ஆட்டக் கருவிகள். பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் திடலைப் பெருக்கவும் உருளை இழுக்கவும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு வெள்ளையரின் பூனா மன்றம். அங்கே 4 ரூபாய்.

வயதோ பதினாறு, பதினேழு. தரையைச் சமன்செய்வார், வலை கட்டுவார், கோடு போடுவார். பின்னர் துரைமார் பழகுவதற்குப் பந்து வீசுவார். கிரெக் என்ற துரை, மற்றவர் வருமுன்பே வந்து பாலுவின் பந்தை எதிர்த்துப் பழகினார். தம்மை ஆட்டமிழக்கச் செய்த ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுத்தாராம். அப்படியொரு கதை உண்டு. வீசி வீசி, அந்த இடக்கை சுழற்பந்தின் சூட்சுமத்தைக் கற்றது. ஆனால் மட்டை? அதை அவர் கையில் கொடுப்பாரில்லை. பந்து வீசுவது பணியாளன் கடமை, மட்டை பிடிப்பது எஜமானர் உரிமை!

பூனா இந்துக்கள் அணிக்கு வெள்ளையரை வெல்ல ஆள் தேவைப்பட்டது. பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் தொட்ட பந்தைத் திடலிலே தொட்டார்கள். இடைவேளை வந்ததும், மற்றவர்க்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, உடைத்தெறியும் மண் குவளை! பந்திலே ஒட்டாத தீட்டு, தேநீரிலே மட்டும் எப்படி ஒட்டியது?

பின்னர் பம்பாய் சென்றார். 1906-ல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை வென்றபோது அவர் பந்துவீச்சு முன்னின்றது. 1911-ல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று, 35 வயதில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்துக்கள் அணியின் தலைவர் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. 1920-ல் அணியிலிருந்து அவரை நீக்கியபோது, தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்தனர். 1923-ல் விட்டல் தலைவரானார். அண்ணனுக்கு அடைத்த கதவு தம்பிக்குத் திறந்தது. தானாகத் திறக்கவில்லை, தட்டியதால் திறந்தது. பாலு அரசியலிலும் இறங்கினார். 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் மறைந்தார்.

தோழர்களே! பாலுவின் உழைப்பில் குறையில்லை. குறை, கதவருகே நின்றவர்களிடம் இருந்தது. தோற்று வரும் பிள்ளையிடம், ஒழுங்காகப் பயின்றாயா என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு முன் நம்மையே நாம் கேட்போம். அவன் ஆடத் திடல் உண்டா? அவள் ஓடக் காலணி உண்டா? அணிக்கு ஆளெடுப்போர் ஆட்டத்தைப் பார்க்கிறார்களா, ஊரையும் குலத்தையும் பார்க்கிறார்களா? வியர்வை சிந்துவது பிள்ளையின் வேலை. கதவைத் தட்டுவது நம் வேலை.