தாவரவியல் மேதை ஜானகி அம்மாள்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் கரும்புத் தோட்டத்தைக் காணாதவர் இருக்க முடியாது. அக்கரும்பினத்தின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பெண்மணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் டாக்டர் ஈ.கே. ஜானகி அம்மாள்.

1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதிபதி. சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற ஜானகி, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையானார். சகோதரிகள் இல்லறம் ஏற்றனர். அவரோ ஆராய்ச்சியைத் தம் வாழ்வாக ஏற்றார்.

ஆர்வம் மட்டும் போதுமா? கடல் கடந்து பயிலப் பொருள் வேண்டுமே! ஆசியப் பெண்களின் உயர்கல்விக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1917-இல் லெவி பார்பூர் என்பவர் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தியிருந்தார். அதைப் பெற்று 1924-இல் அங்குச் சென்ற ஜானகி, முதுகலைப் பட்டத்துடன் திரும்பி மீண்டும் கல்லூரியில் கற்பித்தார். பின்னர் அதே அறக்கொடையின் ஆய்வு உதவித்தொகை கிடைக்கவே மறுபடியும் சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவ்வுதவி பணத்தை மட்டும் தரவில்லை. வகுப்பறைக் கடமைகள் குறுக்கிடாத காலத்தைத் தந்தது, ஆய்வுக்கூடத்தைத் தந்தது. பிறர் சொன்னதைச் செய்பவராக நில்லாமல், தம் வினாவைத் தாமே தேர்ந்து விடை காணும் துணிவையும் தந்தது.

அத்துணிவுடன் 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார். பெண் விஞ்ஞானிகள் அரிதாயிருந்த அக்காலத்தில் தனிமையும் மனக்கசப்பும் அவரைத் தொடர்ந்தன. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பணியாற்றி, 1945-இல் டார்லிங்டன் என்ற அறிஞருடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த நூலை வெளியிட்டார். அவர் பெயரை ஒரு மக்னோலியா மலர் இன்றும் தாங்கி நிற்கிறது.

இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்க, பிரதமர் நேரு அவரைத் தாயகம் அழைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதைக் கடந்த பின்னும், நீர்மின் திட்டத்தால் அழியவிருந்த அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அதே ஆண்டில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அன்புத் தோழியரே! முனைவர் பட்டம் பெற்ற இளம் உயிரியல் ஆய்வாளர்கள் அடுத்த படி ஏற, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை போன்றவை இன்று உதவித்தொகை வழங்குகின்றன. அன்று ஜானகிக்குத் திறந்த கதவு அரிதினும் அரிது. இன்றோ கதவுகள் பல. பெற்றோரே, தொலைவை எண்ணி மகளின் விண்ணப்பத்தைத் தடுத்துவிடாதீர்கள். படிக்கட்டைப் பிறர் அமைத்துத் தரலாம். ஏற வேண்டியவர் நாமே.