கடல் வாணிகம் மீட்ட சிதம்பரனார்

பழங்காலத்தில் கொற்கைத் துறையிலிருந்து முத்துகள் கடல் கடந்து சென்றன. அக்கொற்கைக்கு அண்மையில் விளங்குவது தூத்துக்குடித் துறைமுகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புக்குச் செல்லும் கப்பல்கள் அங்குக் கரையை அணுக இயலாமல், சில கல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. தோணிகள் மூட்டைகளைக் கொண்டுசென்று அவற்றில் ஏற்றின. சரக்கும் தோணியும் நம்மவருடையவை, கப்பலோ ஆங்கிலேயருடையது. கப்பலுக்கு உரியவரே கூலியை வரையறுத்தமையால், அவர் கேட்டதை வணிகர் கொடுக்க வேண்டியதாயிற்று. இந்நிலையை மாற்ற எழுந்தவர் வ. உ. சிதம்பரனார்.

இவர் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1900-இல் தூத்துக்குடியில் குடியேறினார். வணிகர்தம் இன்னலை அங்கே நேரிற் கண்டார்.

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு பெற்றது. அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல்களே ஓடின. ஆங்கிலக் கம்பெனியாரின் நெருக்குதலால் கப்பலுக்கு உரியவர் அவற்றைத் திரும்பப் பெற்றார். சொந்தக் கப்பல் இன்றேல் தொழில் நிலையாது எனச் சிதம்பரனார் தெளிந்தார். மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். எனினும், கப்பலின்றித் திரும்புவதில்லை என உறுதி பூண்டு பம்பாய் சென்றார். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் சுமக்க வல்லது.

வணிகரும் பயணிகளும் சுதேசிக் கப்பலை நாடினர். ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பின்னர், கட்டணமின்றியே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பல கடல்வழிகளில் ஊதியம் பெறும் கம்பெனி ஒரு வழியில் நட்டத்தைத் தாங்கும். ஒரே வழியை நம்பிய கம்பெனி எங்ஙனம் தாங்கும்? எனினும் சிதம்பரனார் தளர்ந்திலர்.

1908-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் சிறைப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் மாட்டைப் போலச் செக்கிழுத்தார். அவர் சிறையில் வாடுகையிலேயே, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912-ஆம் ஆண்டு இறுதியில் விடுதலை பெற்றபோது, அவருக்குக் கப்பலும் இல்லை, பொருளும் இல்லை. வறுமையோடு போராடி 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் மறைந்தார்.

கப்பல்கள் கைவிட்டுப் போயின. அவர் காட்டிய துணிவு போகவில்லை. 2011-ஆம் ஆண்டு தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் கப்பல்கள் நின்ற கடலில் இன்று பல நாட்டுக் கப்பல்கள் அப்பெயர் தாங்கிய துறையை நாடி வருகின்றன.