கைரானாவிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை

உத்தரப் பிரதேசத்தின் மேற்குக் கோடியில், யமுனையாற்றுக்கு அருகே உள்ள சிற்றூர் கைரானா. பாடகர்களும் சாரங்கி வாசிப்போரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர். இந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என வழங்கும் இசைமரபு இவ்வூரின் பெயரைத் தாங்கியதே. அங்கே 1872ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் காலே கானின் மகனாகப் பிறந்தவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். ஊரின் பெயரை நாடறியச் செய்தவர், தம் வாழ்வின் பெரும்பகுதியை அவ்வூரில் கழிக்கவில்லை. மராட்டியமும் கன்னட நாடும் அவருக்கு வீடாயின. உயிர் பிரிந்ததோ தமிழ் மண்ணில்.

தந்தையிடமும் குடும்பத்துப் பெரியவர்களிடமும் இசை பயின்றார். வாய்ப்பாட்டோடு சாரங்கியும் அவருக்குக் கைவந்தது. இளமையிலேயே தம்பி அப்துல் ஹக்குடன் பரோடா சென்று அரண்மனையில் பாடும் பேறு பெற்றார். அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சியும் அங்கேதான் நேர்ந்தது. அரண்மனைச் சுற்றத்தைச் சேர்ந்த சர்தார் மாருதிராவ் மானேயின் மகள் தாராபாய் அவரிடம் இசை கற்க வந்தார். கற்பித்தவரும் கற்றவரும் ஒருவரையொருவர் விரும்பினர். சர்தார் வீட்டுப் பெண் ஒரு முஸ்லிம் பாடகரின் கைப்பற்றுவதைப் பொறுக்கும் காலமன்று அது. இருவரும் பரோடாவை நீங்கிப் பம்பாய் சேர்ந்தனர். அரச ஆதரவை இழப்பது அன்றைய இசைவாணருக்குச் சோற்றை இழப்பதாகும். தெரிந்தே இழந்தார். பின்னர் மிரஜ், தார்வாட், மைசூர் என ஊர் ஊராகச் சென்று பாடும் வாழ்வே அவருக்கு வாய்த்தது.

1913ஆம் ஆண்டில் புணே நகரில் ஆரிய சங்கீத வித்தியாலயத்தை நிறுவினார். தந்தை அறிந்ததை மகனுக்கு மட்டுமே திறந்து காட்டிய உஸ்தாதுகளின் உலகில் இது சிறிய துணிவன்று. மாணவர்களைத் தம்மோடு தங்கவைத்து, உணவளித்துக் கற்பித்தார். கச்சேரி வருவாய் பள்ளிச் செலவில் கரைந்தது. பழுதுபட்ட தம்புராவையும் சிதாரையும் தாமே பிரித்துச் செப்பனிடுவார். தாம் வளர்த்த நாயைச் சுரத்தோடு குரலெழுப்பப் பழக்கி அவையோரை வியக்கவைத்தார் என்றும் சொல்வதுண்டு. ஆங்கில அதிகாரி கிளெமென்ட்ஸ், சாங்லியைச் சேர்ந்த தேவல் ஆகியோர் 22 சுருதிகளை அளந்தறிய முற்பட்டபோது, அவற்றைக் குரலால் நிறுத்திக் காட்ட அவர்கள் நாடியது இவரையே. அந்த 22 என்ற கணக்கை 1916ஆம் ஆண்டு பரோடா இசை மாநாட்டில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் மறுத்து வாதிட்டதைத் தமிழர் அறிவர். கணக்கு எதுவாயினும், நுண்ணிய சுருதியில் அசையாது நிற்கும் குரல் கான் சாகிபிடம் இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் ஐயமிருக்க இடமில்லை.

பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. 1922ஆம் ஆண்டில் தாராபாய் குழந்தைகளுடன் அவரைப் பிரிந்தார். பிரிந்ததோடு அமையவில்லை, குழந்தைகளின் பெயர்களையும் மாற்றினார். அப்துல் ரகுமான், சுரேஷ்பாபு மானே ஆனார்; சகீனா, சரஸ்வதியானார். பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய ஹீராபாய் பரோடேகரும் இவர்களுள் ஒருவரே. தந்தையின் பெயர் ஒருவர் பெயரிலும் எஞ்சவில்லை. ஆயினும் அவர்கள் பாட வாய் திறந்த போதெல்லாம் கிரானாவின் சாயல் வெளிப்பட்டது. அதனை எந்தப் பெயர் மாற்றமும் துடைக்க இயலவில்லை. கான் சாகிப் மிரஜில் நிலைகொண்டு எஞ்சிய ஆண்டுகளை அங்கே கழித்தார்.

அவர் குரலிலுள்ள சோகம் இப்பிரிவால் வந்தது என்று கூறுவோர் உளர். கேட்க இனிய விளக்கம். ஆனால் எளிய விளக்கம். அந்த உருக்கத்துக்கு அவர் பாடும் முறையே பெரிதும் காரணம். மெல்லிய, உயர்ந்த சுருதியில் அமைந்த குரல். முழக்கமில்லை, தாளத்தோடு மல்லுக்கட்டும் வேகமில்லை. ஒரு சுரத்தைத் தொட்டு, அதன் மேல் தங்கி, அது கனிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்வார். நள்ளிரவில் ஒரு சுரத்தைச் சுற்றிச் சுற்றி இராகம் வளர்க்கும் நாகசுரத்தைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது அந்நியமாகப் படாது. 1930களின் நடுவில் ஓடியன் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டுகள் ஒவ்வொரு பக்கமும் மூன்று நிமிட அளவே ஓடுவன. அச்சிறு இடத்திலும் அவர் அவசரப்படவில்லை. ஜிஞ்ஜோட்டியிலும் பைரவியிலும் அவர் பாடிய தும்ரிகள் அவ்வாறே இன்றும் வாழ்கின்றன.

தென்னாட்டு இசைபால் அவர் கொண்ட காதல் தனியே கூறத்தக்கது. அக்காலத்து வடநாட்டு உஸ்தாதுகளுட் பலர் கருநாடக இசையைக் கணக்கு வித்தையென ஒதுக்கினர். நம்மவர் சிலரும் வடவர் இசையைத் தூக்க மருந்தென்று நகைத்தனர். மைசூர் அரசவைக்குப் பலமுறை வந்து பாடிய கான் சாகிப், அங்கே செவியைத் திறந்துவைத்துக் கேட்டார். கற்பனைச் சுரம் பாடும் நம் வழக்கம் அவரை ஈர்த்தது. வடக்கே சுரப்பெயர் சொல்லிப் பாடுவது மாணவர் பயிற்சிக்கே உரியதென எண்ணப்பட்டிருக்க, அதனை அவர் கியாலின் நடுவே அழகுடன் வைத்தார். பழமைவாதிகள் முகஞ்சுளித்தனர், அவர் விடவில்லை. தியாகராசரின் ‘ராம நீ ஸமானமெவரு’ என்னும் கரகரப்பிரியா கீர்த்தனையை இசைத்தட்டிலும் பதிவு செய்தார். தெலுங்கு உச்சரிப்பு திருத்தமானதன்று. நம் கமகங்களும் முழுமையாக இல்லை. எனினும் அதில் ஒலிக்கும் பணிவைக் குறைசொல்ல மனம் வராது. தார்வாடில், கருநாடக இசை பாடிய அம்பாபாயின் இல்லத்துக்குச் சென்று அவர் பாடக் கேட்டு மகிழ்வார். அதனை அருகிருந்து கண்ட சிறுமி கங்குபாய் ஹங்கல், பின்னாளில் கான் சாகிபின் முதன்மை மாணவர் சவாய் கந்தர்வரிடமே பயின்று அம்மரபின் தூணானார்.

1937ஆம் ஆண்டு சென்னையில் பாடிவிட்டுப் புதுச்சேரிக்குப் புகைவண்டியேறினார். வழியில் நெஞ்சு வலித்தது. செங்கற்பட்டை அடையுமுன் சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார். மாணவர்கள் நடைமேடையில் விரிப்பை விரித்தனர். தொழுகையை முடித்துத் தம்புராவை மீட்டச் செய்து, தர்பாரி கானடாவில் இறைவன் பெயரைப் பாடியவாறே சாய்ந்தார் என்பர். அக்டோபர் 27ஆம் நாள் அது.

உடல் மிரஜுக்குக் கொண்டு செல்லப்பட்டு, குவாஜா மீரா சாகிப் தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நினைவாக ஆண்டுதோறும் அத்தர்கா வளாகத்தில் இசைவிழா எடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. இந்து, முஸ்லிம் என்ற வேற்றுமையின்றிக் கலைஞர்கள் அங்கே வந்து பாடினர். அவரை நேரில் கண்டு பயிலாத ஒருவரும் அம்மரபின் புகழை நெடுந்தொலைவு கொண்டு சென்றார். கன்னட நாட்டின் கதக் ஊரில் கடையொன்றில் ஒலித்த கான் சாகிபின் இசைத்தட்டைக் கேட்டு மயங்கி, குருவைத் தேடி வீட்டை விட்டு ஓடிய சிறுவன் அவர். பெயர் பீம்சேன் ஜோஷி.