வைத்தியர் பிலிப் பினெல்

பாரிஸ் மாநகரிலுள்ள ஸால்பெத்ரியேர் என்னும் பெரிய வைத்தியசாலையைக் களமாகக் கொண்டு, ரோபேர்-பிளரி என்ற சித்திரகாரர் 1876-ம் ஆண்டில் ஒரு படம் தீட்டினார். சித்தம் கலங்கிய ஓர் இளம் பெண்ணின் தளைகள் அதில் கழற்றப்படுகின்றன. அருகில் ஒரு வைத்தியர் அமைதியாக நிற்கிறார். மற்றொருத்தி அவர் கையை முத்தமிடுகிறாள். அந்த வைத்தியரே பிலிப் பினெல். பைத்தியக்காரர்களின் விலங்கை முறித்தவர் என்று அவரை ஐரோப்பா முழுவதும் நூறாண்டுக்கு மேலாகப் போற்றி வந்தது.

படம் அழகானதே. ஆனால் நடந்த சரித்திரம் படத்தைக் காட்டிலும் சிக்கலானது. நமது அபிப்பிராயத்தில் அதைவிட மேலானதுங்கூட. மனோவியாதியை எவ்வாறு இனங்கண்டறிவது, கண்டறிந்தபின் யாது செய்வது என்ற கேள்விகள் இன்றும் வைத்திய உலகில் ஓயவில்லை. அக்கேள்விகளுக்கு முறையாக விடை தேடிய முன்னோடிகளில் ஒருவருடைய வெற்றியையும் தவறுதலையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது நேயர்களுக்குப் பயன்படும் என்றே இதனை எழுதுகிறோம்.

பினெல் 1745-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி தென் பிரான்ஸில் தார்ன் பிரதேசத்திலே பிறந்தார். வைத்தியத்தொழில் அவருடைய குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்தது. எனினும் இளமையில் அவர் பாதிரியாராவதற்கே படித்தார். பின்னர் மனம் மாறித் துலூஸ் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1773-ல் பட்டம் பெற்றார். மோன்பெலியே நகரில் நான்காண்டுகள் மேலும் கற்று, 1778-ல் பாரிஸுக்கு வந்தார்.

வந்தவரைப் பாரிஸ் வரவேற்கவில்லை. வெளியூரில் பெற்ற பட்டம் தலைநகரில் செல்லாது என்று அங்கிருந்த வைத்திய சபையார் கூறிவிட்டார்கள். பதினைந்தாண்டுக் காலம் கணிதம் சொல்லிக் கொடுத்தும், ஆங்கில வைத்திய நூல்களை மொழிபெயர்த்தும், ஒரு சுகாதாரப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தும் ஜீவனம் நடத்தினார். ஏழை வைத்தியருக்கு உதவும் ஒரு பரிசுப் பரீட்சையிலும் தோல்வியே அடைந்தார். கூச்ச சுபாவமுடையவர், சபையில் நாவன்மை இல்லாதவர். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு, பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற இவ்வைத்தியர் நாற்பது வயதைக் கடந்தும் பத்திரிகைக் கட்டுரை எழுதி வயிறு வளர்த்தார் என்பதில் ஒரு தனிப் பிரியம் உண்டென்பதை மறைப்பானேன்?

இக்காலத்தில் அவருடைய நண்பர் ஒருவர் சித்தப் பிரமைக்கு ஆளாகி, முறையான சிகிச்சை கிட்டாமல் மாண்டுபோனார். அதுமுதல் பினெலின் கவனம் அவ்வியாதியின்பால் திரும்பியது. செல்வர் வீட்டு நோயாளிகளைப் பணம் வாங்கி வைத்துக் கொள்ளும் ஒரு தனியார் விடுதியிலே சில ஆண்டுகள் வேலை செய்து, நோயாளிகளைக் கூர்ந்து பார்த்துக் குறிப்பெழுதத் தொடங்கினார்.

1789-ல் புரட்சி மூண்டது. பழைய வைத்திய சபைகளின் ஆதிக்கம் சரிந்தது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி மன்னரின் சிரம் துணிக்கப்பட்ட அன்று, தேசீயக் காவற்படையில் ஒருவராகப் பினெலும் ஆயுதமேந்தி நின்றார். அவ்வாண்டு செப்டம்பரில், நண்பர்கள் சிலரது முயற்சியால், பாரிஸுக்குத் தெற்கேயுள்ள பிஸேத்ர் வைத்தியசாலைக்கு வைத்தியராக அமர்ந்தார்.

வைத்தியசாலை என்பது பெயரளவில்தான். குற்றவாளிகள், பிச்சைக்காரர்கள், மேகவியாதியஸ்தர்கள், முதியோர் என்று ஆயிரக்கணக்கான ஆடவர் அங்கே அடைபட்டிருந்தனர். அவர்களுள் ஏறக்குறைய இருநூறு பேர் சித்த சுவாதீனம் இழந்தவர்கள். இவர்களுக்கென ஒரு பகுதி இருந்தது. அப்பகுதியின் மேற்பார்வையாளர் ழான் பாப்டீஸ்த் புஸேன் என்பவர். புஸேன் படித்தவரல்லர். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, கண்டமாலை நோய்க்காக 1771-ல் பிஸேத்ருக்குச் சிகிச்சை பெற வந்தவர். குணமான பின் அங்கேயே தங்கி, படிப்படியாக அப்பொறுப்புக்கு உயர்ந்தவர். அவரும் அவருடைய மனைவியாரும் இரவும் பகலும் நோயாளிகளோடு வாழ்ந்தார்கள். நோயாளியைச் சிப்பந்திகள் அடிக்கக் கூடாது என்பது புஸேன் விதித்த சட்டம். மீறியவர்கள் வேலையிழந்தார்கள். குணமடைந்த பழைய நோயாளிகளையே சிப்பந்திகளாக அமர்த்திக் கொண்டார். நோயின் கொடுமையை அநுபவித்தவன் பிறரிடம் இரக்கமாக நடப்பான் என்பது அவர் கண்ட உண்மை.

இங்கேதான் பினெலின் பெருமை விளங்குகிறது. சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற வைத்தியர், தோல் பதனிட்ட ஒருவரிடம் மாணாக்கராக அமர்ந்தார். புஸேன் கண்டவற்றைக் கேட்டறிந்தார். அவர் தந்த குறிப்புக்களை வாங்கிப் படித்தார். தாம் பின்னர் எழுதிய நூலிலே அவருடைய பெயரைச் சொல்லி நன்றி பாராட்டினார். பிஸேத்ரில் சங்கிலிகளை நீக்கியது 1797-ல், நீக்கியவர் புஸேனே. பினெல் அதற்கு இரண்டாண்டு முன்னரே வேறிடம் சென்றுவிட்டார். இதனைப் பினெல் தமது நூலின் 1809-ம் ஆண்டுப் பதிப்பில் ஒளியாமல் கூறியிருக்கிறார். தந்தையின் புகழைப் பெருக்க விரும்பிய மகனும், சீடர்களுமே பிற்காலத்தில் கதையை மாற்றினார்கள். சித்திரகாரர்கள் அதற்கு வர்ணம் பூசினார்கள்.

சங்கிலி போன இடத்தில் கைகளைக் கட்டும் முரட்டுச் சட்டை வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரைத் தலையில் கொட்டி அடக்கும் வழக்கமும் இருந்தது. பினெலின் காலத்துக் கருணைக்கு அத்துணைதான் எல்லை.

ஆனால் வைத்தியத்தில் அவர் செய்த மாறுதல் பெரிது. அதுவரை பைத்தியம் என்றால் இரத்தத்தை வடிப்பது, பேதி கொடுப்பது, கொப்புளம் எழுப்புவது என்ற முறைகளே நடைபெற்று வந்தன. பினெல் இவற்றைப் பெரும்பாலும் தள்ளினார். நோயாளியின் அருகில் நாடோறும் சென்று பேசி, அவனுடைய முன்சரித்திரம் யாது, நோய் எப்பொழுது கண்டது, எவ்வாறு ஏறி இறங்குகிறது என்று எழுதி வைத்தார். ஆழ்ந்த சோகம், உன்மத்தம், புத்திச் சிதைவு, புத்தி மந்தம் என நோய்களை நான்கு வகையாக வகுத்தார். உன்மத்தம் கொண்டவனிடத்தும் அறிவின் ஒரு பகுதி பழுதுபடாமல் எஞ்சியிருக்கும்; அப்பகுதியோடு பேசிச் சிகிச்சை செய்யலாம் என்பது அவருடைய கொள்கை. 1801-ல் வெளிவந்த அவரது நூல் சில ஆண்டுகளில் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

அந்நூலில் வரும் ஒரு தையற்காரரின் கதை நம் மனத்தை விட்டு அகலவில்லை. பயங்கர ஆட்சிக் காலத்தில் அவர் அரசியல் பற்றி ஏதோ வாய்தவறிப் பேசிவிட்டார். தம்மைக் கில்லட்டினுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற அச்சம் பற்றி, நாளடைவில் அதுவே பிரமையாகி, பிஸேத்ருக்கு வந்து சேர்ந்தார். முதலில் மற்ற நோயாளிகளின் கிழிந்த துணிகளைத் தைக்கும் வேலையைக் கொடுத்தார்கள், சிறிது தெளிந்தார். மீண்டும் நோய் கண்டபோது பினெல் ஓர் உபாயம் செய்தார். மூன்று வைத்தியர்களுக்கு நீதிபதி வேஷம் போட்டு, தையற்காரரை விசாரித்து, குற்றமற்ற தேசபக்தர் என்று தீர்ப்புக் கூறச் செய்தார். நோய் நீங்கியது போலவே தோன்றியது. ஆனால் நடந்தது நாடகமே என்பதை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். பழைய பிரமை திரும்பிற்று, தீரவும் இல்லை. பினெல் தமது தோல்வியையும் வெற்றியோடு சேர்த்தே அச்சிட்டார். குணமானவர்களை மாத்திரம் எண்ணிக் காட்டாமல், குணமாகாதவர்களையும் கணக்கிட்டு அட்டவணை போட்டு 1807-ல் அறிஞர் சபையில் வைத்தார். சிகிச்சையின் பலனை எண்ணிக்கையால் அளப்பது அக்காலத்தில் அபூர்வம்.

1795-ல் அவர் ஸால்பெத்ரியேரின் தலைமை வைத்தியரானார். ஆயிரக்கணக்கான பெண்கள் அடைபட்டிருந்த இடம் அது. பின்னர் 1802-ல் புஸேனையும் அங்கே வரவழைத்துக் கொண்டார்.

இனி, அவர் தவறிய இடத்துக்கு வருகிறோம். 1800-ம் ஆண்டு ஜனவரியில், அவேரோன் பிரதேசத்துக் காடுகளில் தனியே திரிந்து வந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். வயது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சில்லை, மேலே ஆடை பொறுக்கான், குளிரையும் சூட்டையும் பொருட்படுத்தான், பெருஞ்சத்தத்துக்குத் திரும்பாதவன், வாதுமைக் கொட்டை உடையும் ஓசைக்குத் திரும்பினான். பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்ட அவனைப் பரிசோதித்து அபிப்பிராயம் கூறும்படி அறிஞர்கள் பினெலைக் கேட்டார்கள். தமது வைத்தியசாலைகளில் இருந்த புத்தி மந்தமான குழந்தைகளோடு ஒப்பிட்டு, இவனும் அத்தகையவனே, குணமாவான் என எதிர்பார்ப்பதற்கில்லை என்று அவர் முடிவு கூறினார்.

அம்முடிவை ஏற்காதவர் அவரையே குருவாகப் போற்றிய இளம் வைத்தியர் ழான் இத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. செவிடர் ஊமையர் பாடசாலையின் வைத்தியர். சிறுவனுக்கு விக்தோர் என்று பெயரிட்டு, கெரேன் அம்மையார் என்னும் மாதின் பராமரிப்பில் வைத்து, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கல்வி கற்பித்தார். விக்தோர் பேசக் கற்கவில்லை. ஆனால் எழுத்துக்களை இனங்கண்டான். எழுதிக்காட்டிய பொருளை எடுத்துவந்தான். தன்னை வளர்த்த அம்மையாரிடம் அன்பு கொண்டான். இன்றைய ஆராய்ச்சியாளர்களிற் சிலர் அவனுக்கு இருந்தது ஆட்டிஸம் என்று கருதுகின்றனர்.

நோயைப் பற்றிய பினெலின் முடிவு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கலாம். பிசகு வேறிடத்தில் நேர்ந்தது. நோய்க்குப் பெயர் கிடைத்ததும் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஏட்டை மூடிவிட்டார். உன்மத்தம் கொண்ட வயது வந்தோரிடம் எஞ்சிய அறிவைத் தேடியவர், குழந்தையிடம் தேடாமற் போனார். இத்தாரின் தோல்வியோ வீண்போகவில்லை. அவரிடம் பயின்ற ஸெகேன் என்பவர் புத்தி மந்தமான குழந்தைகளுக்கென்றே கல்விமுறை வகுத்தார். அவ்விருவர் நூல்களையும் ரோமாபுரியில் மாண்டிஸோரி அம்மையார் தம் கையாலேயே இத்தாலியில் பெயர்த்தெழுதிக் கற்றார். அதே மாண்டிஸோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார் என்பது நமது நாட்டார் அறிந்ததே. குழந்தைகள் கையால் தடவி எழுத்துக் கற்கும் அட்டையை நம் பாடசாலைகளில் காணும்பொழுது, காட்டுச் சிறுவன் விக்தோரின் நினைவு நமக்கு வருவதுண்டு.

இன்றைய முறைகள் எங்கே நிற்கின்றன? மருந்துகள் வந்துவிட்டன. 1949-ல் ஆஸ்திரேலியாவில் லித்தியமும், 1952-ல் பாரிஸிலேயே ஸேன்த்-ஆன் வைத்தியசாலையில் குளோர்புரோமஸீனும் மனோவியாதிக்குப் பயன்பட்டன. அவற்றின் பின்னரே பலர் வைத்தியசாலையை விட்டு வீடு திரும்ப முடிந்தது. பேசிக் குணப்படுத்தும் முறைகளும் ஒழுங்குபட்டிருக்கின்றன. ஆயினும் ஸ்கிஸோபிரீனியா, மனச்சோர்வு, ஆட்டிஸம் ஆகியவற்றை அறுதியிட்டுச் சொல்லும் இரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. தைராய்டுக் கோளாறு போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கவே பரிசோதனைகள் உதவுகின்றன. மற்றபடி வைத்தியர் நோயாளியைப் பார்க்கிறார், அவரோடும் வீட்டாரோடும் பேசுகிறார், முன்சரித்திரம் கேட்கிறார், 2022 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார ஸ்தாபனத்தின் பதினோராவது நோய்ப்பட்டியலுடனோ, அமெரிக்க மனோவைத்தியர்களின் கைந்நூலுடனோ ஒத்துப் பார்க்கிறார். பினெலின் நான்கு வகை பல நூறாகப் பெருகியிருக்கிறது. பார்ப்பது, கேட்பது, எழுதுவது என்ற முறை அவருடையதே.

குழந்தைகள் விஷயத்தில் காலமே முக்கியம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரலால் சுட்டிக் காட்டாமை, பேச்சு வராமை ஆகியவை ஆட்டிஸத்தின் குறிகளாகலாம். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார் பதினெட்டாம் மாதத்திலும் இருபத்துநான்காம் மாதத்திலும் எல்லாக் குழந்தைகளையும் இது குறித்துச் சோதிக்கும்படி கூறுகின்றனர். பேசாத குழந்தைக்குச் செவி கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆட்டிஸத்தை நீக்கும் மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சி, கைத்தொழில் மூலமும் விளையாட்டு மூலமும் பயிற்சி, பெற்றோருக்குப் போதனை இவையே சிகிச்சை. ஒரு நிலையில் இராத கவனக்குறைவுள்ள குழந்தைகளுக்கு மருந்தும் பலன் தருவதுண்டு. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் ஆட்டிஸத்தையும் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்திருக்கிறது. ஆனால் பெயர் எழுதிய சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைப்பதோடு நின்றுபோகும் வீடுகள் எத்தனை! அங்கே பயிற்சி தொடங்குவதே இல்லை.

சங்கிலியைப் பற்றியும் நாம் வாளாவிருக்க இயலாது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனோவியாதியஸ்தரை வைத்திருந்த ஓர் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. விலங்கிடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். புஸேன் பிஸேத்ரில் சங்கிலிகளைக் கழற்றி அப்பொழுது இருநூற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம், எவ்விதத்திலும் நோயாளியைச் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 95-வது பிரிவில் தடை செய்கிறது. சட்டம் இருக்கிறது, அதைத் தத்தம் ஊரில் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பொதுஜன ஊழியர்கள்.

பினெலின் இறுதிக்காலம் இனிதாக அமையவில்லை. மன்னராட்சி திரும்பியபின், 1822-ல் பாரிஸ் வைத்தியக் கலாசாலையை அரசாங்கம் கலைத்தது. மீண்டும் அமைத்தபொழுது, எழுபத்தேழு வயதைக் கடந்த பினெலையும் வேறு பல ஆசிரியர்களையும் நீக்கிவிட்டது. 1826 அக்டோபர் 25-ந் தேதி ஸால்பெத்ரியேரிலேயே அவர் காலமானார். புஸேன் அதற்குப் பதினைந்தாண்டு முன்னரே இறந்துவிட்டார். விக்தோர், அரசாங்கம் ஆண்டுக்கு அளித்த 150 பிராங்கு உதவித்தொகையில், கெரேன் அம்மையாரின் வீட்டில் வாழ்ந்து, 1828-ல் மாண்டான்.